நூலகங்களின் எதிர்காலமும் எண்ணிம வாசிப்பும்: மன்னார்ப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

வளர்முக நாடுகளில் நூலகங்களின் எதிர்காலம் பற்றிய விவாதம் பெரும்பாலும் அச்சு நூலுக்கும் மின்திரைக்கும் இடையிலான போட்டியாகவே முன்வைக்கப்படுகின்றது. ஆயின், ஒரு சமூகத்தின் எழுத்துச் செல்வம் எங்கே பேணப்படுகின்றது, யாருக்குக் கிடைக்கின்றது, எவரது கட்டுப்பாட்டில் உள்ளது என்பனவே அடிப்படை வினாக்களாகும். மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையோரத்தையும் உதாரணமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அச்சு தந்த படிப்பினை

1560ஆம் ஆண்டில் மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அக்காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவருடன் மன்னாருக்கு வந்து சில காலம் பணியாற்றியவர் அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் அச்சின் முன்னோடி ஒருவரின் கால் பதிந்த மண் இது. எனினும், இப்பிரதேசக் கத்தோலிக்க மக்களின் நாட்டுக்கூத்துகள் நெடுங்காலம் அண்ணாவிமாரின் கையெழுத்துப் படிகளிலேயே வாழ்ந்து வந்தன. 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய நாடகங்கள் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்பு முயற்சியால் அச்சேறியது 1960களிலேயே ஆகும். புதியதொரு சாதனம் தோன்றுவதால் மட்டும் பாமர மக்களின் இலக்கியம் அதனுள் இடம்பெற்றுவிடாது என்பதும், அதற்குத் திட்டமிட்ட உழைப்பும் நிறுவன ஆதரவும் வேண்டும் என்பதும் இதனாற் புலனாகின்றன. எண்ணிமச் சாதனத்துக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

2. இழப்பும் அதற்கான எதிர்வினையும்

1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். கட்டடத்தை மீள எழுப்ப முடிந்தது. அவ்வாவணங்களை மீட்க முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் செல்ல நேர்ந்தது. குறுகிய காலக்கெடுவில், எடுத்துச் செல்லக்கூடிய சிறு உடைமைகளுடன் வீட்டைவிட்டுப் போகின்றவர்களால் பழைய உறுதிகளையும் குடும்பப் பதிவுகளையும் முழுமையாகக் காப்பாற்ற முடியாது. ஒரே படி, ஒரே இடம் என்ற நிலையின் ஆபத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

எண்ணிம நூலகத்தின் தலையாய பயன் இங்கேயே உள்ளது. ஒரு நூலின் பல படிகளைச் சிறு செலவில் பல நாடுகளில் வைத்துப் பேண அது இடமளிக்கின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களை ஆவணப்படுத்த 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் அரசுகளின் முன்முயற்சியால் அன்றித் தன்னார்வலரின் கூட்டுழைப்பால் உருவானவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றின் முறைகளிடையே ஒரு வேறுபாடு உண்டு. பக்கத்தை ஒளிப்படமாகப் பிடிக்கும் மின்வருடல், மூலத்தின் கையெழுத்தையும் அடித்தல் திருத்தங்களையும் அப்படியே காட்டும். ஆயின் கோப்பு பெரிதாகும், தேடுதலும் எளிதன்று. எழுத்துகளாகத் தட்டச்சிடப்பட்ட பாடம் மிகச் சிறிய கோப்பாக அமையும், சொல்லைத் தேடலாம், ஆனால் மூலத்தின் தோற்றம் மறையும். ஆய்வாளனுக்கு முன்னது இன்றியமையாதது. கைத்தொலைபேசியில் தரவுக்குப் பணம் கட்டிப் படிக்கும் மீனவர் குடும்பத்து மாணவிக்குப் பின்னதே உதவும். எனவே இரண்டும் தேவை.

3. காகிதமும் மின்சாரமும்

2022இன் பொருளாதார நெருக்கடி இவ்விவாதத்துக்குப் புதிய ஒளி பாய்ச்சியது. அவ்வாண்டு மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. ஆகவே, அந்நியச் செலாவணி அற்ற நாட்டில் அச்சும் திரையும் ஒருங்கே முடங்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறந்துவைக்கப்பட்ட காற்றாலைகள் ஏறத்தாழ 100 மெகாவாற்று வலுக்கொண்டவை. ஆயினும் அவை தரும் மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பையே சேர்கின்றது. காற்றாடியின் நிழலில் வாழ்பவனும் நாடளாவிய மின்வெட்டுக்கு விலக்கானவன் அல்லன். தொழில்நுட்பம் ஓரிடத்தில் நிற்பது வேறு. அதன் பயன் அங்குள்ள மக்களைச் சேர்வது வேறு.

4. வாசிகசாலையின் இடம்

நமது கிராமங்களில் வாசிப்பு தனிமனிதச் செயலாக மட்டும் இருந்ததில்லை. சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டு விவாதிப்பது வழக்கமாயிருந்தது. எழுத்தறியாதவரும் அதனாற் பயன்பெற்றனர். கைத்தொலைபேசித் திரையோ ஒருவருக்கு உரியது. அதற்கான கட்டணமும் அவரவர் தலையிலேயே விழுகின்றது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த எஸ். ஆர். இரங்கநாதன், நூல் பயன்பாட்டுக்கு உரியது என்பதையே முதல் விதியாக்கினார். பயன்படுத்த வசதியற்றவனுக்கு எண்ணிம நூலும் பூட்டிய அலுமாரியே.

ஆதலின் பின்வருவன செய்யத்தக்கன. உள்ளூராட்சி மன்ற நூலகங்கள் இணையத் தொடர்பின்றியும் படிக்கக்கூடியவாறு எண்ணிமத் தொகுதிகளின் படியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். சூரிய மின்கலமொன்று அதனை மின்வெட்டிலும் இயக்கும். அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளும் முஸ்லிம் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள ஆவணங்களும் உரியவரின் இசைவுடன் மின்வருடப்பட்டு, மூலம் அவர்களிடமே திருப்பி ஒப்படைக்கப்படல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின்னரும் 70 ஆண்டுகள் நீடிப்பதால், அனுமதி பெறுவதும் இப்பணியின் ஒரு பகுதியாகும்.

நூலகக் கட்டடத்தின் தேவை எண்ணிம யுகத்தில் அற்றுப்போகவில்லை. பேணும் பணியை வலைப்பின்னலும், பகிரும் பணியை வாசிகசாலையும் ஏற்கும்போதே இக்கரையோரத்தின் எழுத்து அடுத்த தலைமுறையைச் சேரும். கூத்துக் கொப்பிகளின் தாள்கள் உப்புக்காற்றில் நொறுங்கிவருகின்றன என்பதையும், அவற்றின் இராகமறிந்து பாடவல்ல முதியோர் அருகிவருகின்றனர் என்பதையும் நோக்குமிடத்து, இப்பணியைத் தாமதிப்பதற்கு இடமில்லை.