சிரிப்புக்காரரின் சீற்றம்!

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஓர் ஊர். 1957 செப்டம்பர். கச்சேரிக்கு வந்த ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஓட்டலில் தங்கியிருக்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையின் 21 வயது நிருபருக்கு எப்படியாவது ஒரு பேட்டி வேண்டும். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? ஓட்டல் சிப்பந்தியைச் சரிக்கட்டி, அறைக்குப் போகிற சிங்கி இறால் சாப்பாட்டோடு தானும் உள்ளே நுழைந்துவிட்டான்!

'அரசியல் வேண்டாம்ப்பா' என்று ஆசிரியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பையனும் சமர்த்தாக, 'உங்களுக்குப் பிடித்த கலைஞர் யார்?' என்றுதான் ஆரம்பித்தான். பிங் கிராஸ்பி என்று பதில் வந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? லிட்டில் ராக் பற்றிக் கேட்டுவிட்டான்.

லிட்டில் ராக், அர்கன்சா மாநிலத்தின் தலைநகர். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளியில் 9 கறுப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொன்னது கோர்ட். கவர்னர் ஃபாபஸ், துப்பாக்கி ஏந்திய காவல் படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் தீர்மானமாக எதுவும் செய்யாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ஆர்ம்ஸ்ட்ராங் வெடித்தார். ஜனாதிபதிக்குத் துணிச்சல் இல்லை என்றார். என் ஜனங்களை இப்படி நடத்துகிற அரசாங்கத்துக்காக நான் ரஷ்யாவுக்குப் போய் வாசிக்க மாட்டேன் என்றார். கவர்னரைத் திட்டிய வார்த்தையை எந்தப் பத்திரிகையும் அச்சேற்ற முடியாது. கடைசியில் இருவருமாகப் பேசி, 'படிக்காத ஏரோட்டி' என்று அதைக் கழுவித் துடைத்து வைத்தார்கள்!

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பேசியது யார் என்பதுதான் விஷயம். 'சாட்ச்மோ' என்பது அவருடைய செல்லப் பெயர். தோல்பை மாதிரி அகன்ற வாய் என்று அர்த்தம். பல் அத்தனையும் தெரிய ஒரு சிரிப்பு, கையில் வெள்ளைக் கைக்குட்டை, கரகரத்த குரல். 'வெள்ளைக்காரனுக்குப் பல்லைக் காட்டியே பிழைக்கிறார்' என்று அவருடைய இனத்து இளைஞர்களே முணுமுணுத்தார்கள். அடுத்த தலைமுறை ட்ரம்பெட் ஜாம்பவான் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அந்தக் கட்சிதான். (மானேஜர் சொன்ன பழைய ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறவர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்!)

மனுஷன் பிறந்தது 1901-ல், நியூ ஆர்லியன்ஸில், பரம ஏழையாக. 1912-ன் கடைசி ராத்திரி, புத்தாண்டுக் குஷியில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்குப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கேயிருந்த பாண்டு கோஷ்டியில்தான் முறையாக ஊதக் கற்றுக்கொண்டான் பையன். 1922-ல் குருநாதர் கிங் ஆலிவர் கூப்பிட, சிகாகோவுக்கு ரயிலேறினார்.

அதுவரை ஜாஸ் என்றால் பெரும்பாலும் கூட்டு வாசிப்பு. எல்லோரும் ஒன்றாக ஊதுவார்கள், தட்டுவார்கள். ஒற்றை ஆள் முன்னால் நின்று, மெட்டைக் கையில் எடுத்து, அந்த நிமிஷத்தில் தோன்றுகிறபடி வளர்த்துக்கொண்டே போகலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஆர்ம்ஸ்ட்ராங். நம் கச்சேரியில் கல்பனா ஸ்வரம் கேட்டவர்களுக்கு இந்தச் சுகம் சட்டென்று பிடிபடும். 1928-ல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கிடைத்தால் கேளுங்கள். ஆரம்பத்தில் துணை வாத்தியம் எதுவும் இல்லை. ட்ரம்பெட் மட்டும் தன்னந்தனியாக, கால் நிமிஷம்கூட ஆகாது... ஏறி, சுழன்று, இறங்குகிறது. பிறகு வந்த ஜாஸ்காரர்களில் அதற்குக் கடன்படாதவர் யார்? வார்த்தையே இல்லாமல் வாயாலேயே வாத்தியம் வாசிக்கிற 'ஸ்காட்' பாட்டைப் பிரபலமாக்கியதும் அவர்தான். பீட்டில்ஸ் கோஷ்டி 14 வாரம் விடாமல் உட்கார்ந்திருந்த முதலிடத்தை 1964-ல் 'ஹலோ டாலி' பாடிப் பறித்தாரே, அப்போது அவருக்கு வயசு 62!

சரி, பேட்டிக்கு வருவோம். செய்தியை நாடு முழுக்க அனுப்ப வேண்டிய செய்தி நிறுவனத்தின் ஆசிரியருக்கு நம்பிக்கையே வரவில்லை. 'அவர்கிட்டயே கேட்டுட்டு வா' என்று திருப்பி அனுப்பினார். எழுதியதைப் படித்த ஆர்ம்ஸ்ட்ராங், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செய்தி நாடு முழுக்கப் பரவியது. பதறிப்போன அவருடைய பயண மானேஜர், அவரை ஏமாற்றிப் பேச வைத்துவிட்டார்கள் என்று மழுப்பினார். 'இல்லை, சொன்னது சொன்னதுதான்' என்றார் ஆர்ம்ஸ்ட்ராங். மிசிசிப்பியில் ஒரு வானொலி நிலையம் அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. கறுப்பினப் பிரபலங்கள் சிலரே எதிர்த்துப் பேசினார்கள். ரசிகர்களின் காசில் வாழ்கிற மனிதர், ரசிகர்களில் பாதிப் பேரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்துவிட்டார்.

செப்டம்பர் 24-ல் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். மறுநாள் அந்த 9 பேரும் சிப்பாய்களின் காவலில் பள்ளிக்குள் நுழைந்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் கத்தியதால்தான் ராணுவம் வந்தது என்பது கொஞ்சம் ஓவர். ஜனாதிபதிக்குப் பாராட்டுத் தந்தி அனுப்பினார் என்பது மட்டும் நிஜம்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று 1956-ல் லூயிசியானா மாநிலம் சட்டம் போட்டது. அவருடைய கோஷ்டியில் இரண்டு நிறமும் உண்டு. 'அப்படியானால் என் ஊரே எனக்கு வேண்டாம்' என்று நியூ ஆர்லியன்ஸ் பக்கமே வாசிக்கப் போகவில்லை. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகு, 1965-ல்தான் அங்கே மறுபடி ட்ரம்பெட்டை எடுத்தார்.

1971-ல் இறந்தார். 'பல்லைக் காட்டுகிறார்' என்ற கில்லெஸ்பி, தான் தப்புக் கணக்குப் போட்டதைப் பிற்பாடு தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். இனவெறி தன் சந்தோஷத்தைத் திருட விடமாட்டேன் என்கிற வைராக்கியம்தான் அந்தச் சிரிப்பு என்று எழுதினார்.

2001-லிருந்து நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்கு லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பெயர்.