சிறு மரமேசையின் ஆக்கமும் மெருகும்: மரத்தின் அசைவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வாடிக்கையாளர் ஒருவருக்காகச் செய்யப்படும் சிறு மேசை, எளிய பொருளாகத் தோன்றினும் தச்சுத்தொழிலின் அடிப்படை அறிவு முழுவதையும் வேண்டி நிற்பது. மரம் அறுக்கப்பட்ட பின்னரும் காற்றின் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும் இயல்புடையது. மரத் தேர்வு, பொருத்து, மேற்பலகை பிணைப்பு, மெருகு ஆகிய நான்கு நிலைகளிலும் தச்சர் மேற்கொள்ளும் முடிவுகள் இவ்வியல்பை ஒட்டியே அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை தேக்குமர மேசை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தச்சு, தேக்கு, காழ், ஈர அளவு, பொருத்து, அரக்கு மெருகு.

முன்னுரை

புதிய மேசை ஒன்று வீடு சேர்ந்த சில மாதங்களில் அதன் மேற்பலகையில் வெடிப்பு விழுவதுண்டு. செய்வித்தவர் தச்சரைக் குறை கூறுவார். தச்சர் மரத்தைக் குறை கூறுவார். கூலியில் நிலுவை இருந்தால் அது நின்றுபோகும். அடுத்த வேலையும் வாராது. இத்தகைய வெடிப்புகளுள் பெரும்பாலானவை மரத்தின் குற்றமும் அல்ல, கைத்திறனின் குறையும் அல்ல. அசையும் பொருளை அசையாப் பொருளாக எண்ணிக் கட்டியதன் விளைவே அவை. எனவே மேசையாக்கத்தை மரத்தின் அசைவிலிருந்து தொடங்கி நோக்குதல் பொருத்தமுடையதாகும்.

நீளம் 600 மி.மீ., அகலம் 450 மி.மீ., உயரம் 450 மி.மீ. உடைய தேக்குமர மேசை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது சென்னை போன்ற கடலோர நகரில், குளிரூட்டப்பட்ட அறையில் வைக்கப்படுவதாகக் கொள்வோம்.

மரத் தேர்வு

உள்ளே வலிமை உடையவற்றை அகக்காழ் என்றும், புறத்தே வலிமை உடையவற்றைப் புறக்காழ் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. முன்னவை மரம், பின்னவை புல். வைரம் பாய்ந்த மரம் என்று இன்று வழங்கும் தொடர் இக்காழையே குறிக்கிறது. மேசைக்கு உரியது தேக்கின் காழ்ப் பகுதியே. பொன்பழுப்பு நிறமுடைய அப்பகுதியின் இயற்கை எண்ணெய் கரையானுக்கும் பூஞ்சைக்கும் எதிராக நிற்கிறது. காழைச் சூழ்ந்த வெளிறு, பூச்சிகளுக்கு எளிதில் இரையாகும். நிறமேற்றி வெளிற்றை மறைத்துவிடலாம். அதன் மென்மையை மாற்ற இயலாது. ஆதலால் மெருகிடுவதற்கு முன்பே பலகையைப் பார்த்துக்கொள்ளுதல் செய்விப்பவருக்கு நன்று.

அடுத்து நோக்க வேண்டியது ஈர அளவு. பச்சை மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. முற்றிலும் உலரும்வரை தேக்கு ஆண்டு வளையங்களின் ஆரப்போக்கில் சுமார் 2.5 விழுக்காடும், வளையங்களைத் தொட்டுச் செல்லும் போக்கில் 5 முதல் 6 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் ஏற்படும் சுருக்கம் மிகச் சிறிது. காற்றில் உலர்த்துவதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய பொதுக் கணக்கு. உலர்ந்த பலகையையும் வாங்கியவுடன் இழைக்காமல், இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரங்கள் பட்டறையில் விட்டுவைத்தல் வேண்டும்.

அசைவின் அளவு

காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக நீடித்தால் மரத்தின் ஈர அளவு 16 விழுக்காட்டை நெருங்கும். 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள குளிர் அறையில் அது 9 விழுக்காட்டளவுக்கு இறங்கும். மழைக்காலத்தில் செய்த மேசையின் ஈர அளவு அறைக்குள் 4 விழுக்காடு மட்டுமே குறைவதாகக் கொண்டாலும், 450 மி.மீ. அகலமுள்ள மேற்பலகை தொடுபோக்கில் அறுத்ததாயின் சுமார் 3.6 மி.மீ. சுருங்கும், ஆரப்போக்கில் அறுத்ததாயின் 1.5 மி.மீ. அளவே சுருங்கும். அகலமான ஒற்றைப் பலகையினும், ஆரப்போக்கில் அறுத்த மூன்று பலகைகளை ஒட்டிச் செய்த மேற்பலகை பாதுகாப்பானது என்பதற்கு இக்கணக்கே காரணம்.

பொருத்து

நான்கு கால்களும் 40 மி.மீ. சதுரமுடையவை. அவற்றை இணைக்கும் சட்டங்கள் 75 மி.மீ. அகலமும் 21 மி.மீ. தடிப்பும் கொண்டவை. காலில் துளையும், சட்டத்தின் முனையில் அத்துளைக்குள் புகும் நாக்கும் அமைக்கப்படுகின்றன. நாக்கின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு, அதாவது 7 மி.மீ. ஆகும். கையால் அழுத்தினால் புகுந்து, கவிழ்த்தால் விழாதிருப்பதே நாக்கின் சரியான பொருத்தம். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தே புகும் நாக்கு துளையின் சுவரைப் பிளந்துவிடும்.

தேக்கின் எண்ணெய், பசை பற்றுவதைத் தடுக்கும். எனவே ஒட்டும் பரப்பைப் புதிதாக இழைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, தாமதமின்றி ஒட்டுதல் வேண்டும். கிளாம்பு கொண்டு இறுக்கியபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் மேசை சதுரமாக நிற்கிறது என்பது உறுதி.

மேற்பலகையைப் பிணைத்தல்

மேசையின் ஆயுளைத் தீர்மானிக்கும் நிலை இதுவே. மேற்பலகையைச் சட்டங்களோடு பசையிட்டு ஒட்டினாலோ, சுற்றிலும் திருகாணியால் இறுக்கினாலோ, சுருங்க முயலும் பலகை தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதனுள் மூக்கு நுழையும் சிறு மரப்பிடிகளைச் செய்து, அப்பிடிகளை மட்டும் மேற்பலகையின் அடியில் திருகாணியால் பொருத்துதல் சிறந்த முறை. பிடி பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டில் நகரவும் விடும்.

செய்யும் பருவமும் இங்குக் கணக்கில் வருகிறது. மழைக்காலத்தில் பலகை விரிந்த நிலையில் இருக்கும். பின்னர் அது சுருங்கும்போது நீளச் சட்டங்களிலுள்ள பிடிகள் காடியை விட்டு உள்நோக்கி விலகும். ஆகவே அவற்றின் மூக்கு காடிக்குள் ஆழமாகச் சென்றிருக்க வேண்டும். கோடையில் செய்தால், பின்னர் விரியும் பலகைக்கு இடமளிக்கும் வகையில் பிடிக்கும் சட்டத்துக்கும் இடையே சுமார் 3 மி.மீ. விடுதல் வேண்டும்.

மெருகு

இழைத்த பரப்பை 80, 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் இழையோட்டத்தின் வழியே வரிசையாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது. மெருகேறியபின் பளிச்செனத் தெரியும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டு, எழும்பிய நார்களை மென்மையான தாளால் நீக்குதல் நன்று.

மெருகைத் தேர்ந்தெடுக்குமுன் செய்விப்பவரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: மேசைமேல் எது வைக்கப்படும்? ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 முதல் 250 கிராம் அரக்கைக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றும் மெருகு ஆழ்ந்த ஒளி தரும். பழுதுபட்ட இடத்தை மட்டும் மீண்டும் பூசிச் சரிசெய்யவும் இடம் தரும். ஆயின் சூடான காபி டம்ளர் அதன்மேல் வெண்வளையம் பதிக்கும். நாளும் சூடுபடும் மேசைக்குப் பாலியூரித்தேன் பூச்சே ஏற்றது. ஆனால் அது கீறுபட்டால் பெரும்பாலும் பரப்பு முழுவதையும் தேய்த்துப் பூச நேரிடும். மழைநாளில் அரக்கு பூசினால் காற்றின் ஈரம் படிந்து பரப்பு வெளிறிப்போகும்.

எப்பூச்சாயினும் மேற்பலகையின் அடிப்புறத்திற்கும் அதைப் பூசுதல் இன்றியமையாதது. ஒருபுறம் மட்டும் பூசிய பலகையில் ஈரம் இருபுறமும் ஒரே வேகத்தில் புகுவதில்லை, பலகை வளையும். பூச்சு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும். மரத்தின் அசைவை அறவே நிறுத்தாது.

முடிவுரை

மேற்கூறிய நிலைகளுள் பல மேசையின் வெளித்தோற்றத்தில் புலப்படாதவை. உலரவைத்த நாள்கள், காடிக்குள் விட்ட இடைவெளி, அடிப்புறப் பூச்சு ஆகியவை விலை பேசும்போது கணக்கில் வாராமல் போவதும் அதனாலேயே. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தைத் தன் தலைவனாகிய அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார் (புறநானூறு, 87). விரைந்து செய்யத் தெரிந்தவனே காலம் எடுத்துக்கொண்டு செய்ததனால் அச்சக்கரம் சிறப்புப் பெற்றது. மேசை செய்விப்போர் நாள் குறிக்கும்போது, மரம் உலரவும் பட்டறைக் காற்றோடு இணங்கவும் வேண்டிய காலத்தையும் சேர்த்துக் குறிப்பார்களாயின், பிற்காலத்து வெடிப்புகளும் பிணக்குகளும் பெரிதும் குறையும். தச்சரும் மேசையை ஒப்படைக்கும்போது, பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசையும் என்பதையும், அதற்கு இடம் விட்டிருப்பதையும் கவிழ்த்துக் காட்டி விளக்குதல் தக்கது.