‘நைஸ்’ என்னும் சொல்லின் கதை

நம் மாணவர் ஆங்கிலத்திலே மிகுதியாக ஆளும் அடைமொழிகளுள் ஒன்று ‘நைஸ்’ என்பதாம். உணவும் நைஸ்; புத்தகமும் நைஸ்; பழகும் மனிதரும் நைஸ். இத்துணைச் செல்வாக்குடைய சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும்.

இலத்தீன் மொழியிலே ‘நே’ என்பது இன்மையையும் ‘ஸ்கீரே’ என்பது அறிதலையும் உணர்த்தும். இவற்றின் சேர்க்கையாற் பிறந்த ‘நெஸ்கியுஸ்’ என்பதற்கு ‘அறிவில்லாதவன்’ என்று பொருள். அது பிரெஞ்சு மொழி வழியாக 1300 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தது. அந்நாளில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் மூடர் என்பதே கருத்து. பின்னர் நாணமுடையவர், எதிலும் எளிதில் மனம் நிறையாதவர் என்றெல்லாம் பொருள் திரிந்து, 16 ஆம் நூற்றாண்டிலே நுண்மையைக் குறிக்கலாயிற்று. ‘இனிய’ என்னும் இன்றைய பொருள் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வேரூன்றியது.

இதிற் புதுமை யாதெனின், ஆங்கிலத்தில் அருகிவிட்ட நுண்மைப் பொருள் நம் சமையலறையிலே வாழ்கின்றது. ‘மாவை நைசாக அரித்தெடு’ என்று தாய் சொல்லும்போது, இனிமையையா கருதுகிறாள்? அரிதட்டின் கண்களூடே விழும் மென்பொடியையே கருதுகிறாள். ‘நைசாக நழுவிவிட்டான்’ என்பதிலும் பிறர் அறியாத நுட்பமே தோன்றுகிறது. ஆயினும் ஒலி ஒத்திருப்பது கொண்டு நமது ‘நயம்’ என்னும் சொல்லை இதற்கு உறவாக்கிவிடலாகாது. அது தூய தமிழ்ச் சொல்.

பொருள் தலைகீழாவது தமிழுக்கும் புதிதன்று. முன்னாளில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்தச் செய்கிறதன்றோ?

இவ்வரலாறு மாணவருக்கு எதற்கு உதவும்? பழைய ஆங்கில நூலிலே ‘நைஸ்’ வேறுபாடு என்று வந்தால், அது நுட்பமான வேறுபாடு. இனிய வேறுபாடு என மொழிபெயர்ப்பின் கருத்தே கெடும். எல்லாவற்றுக்கும் இவ்வொரு சொல்லையே வழங்குவதும் வறுமையே. 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபே’ என்னும் நாவலில், ஜேன் ஒஸ்டின் அவ்வழக்கத்தை நன்றாக எள்ளி நகையாடியிருக்கிறார்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ‘நைஸ்’ என்று சொல்லி அமைவதா? அதன் சாறு, மணம், இனிப்பு ஆகியவற்றுக்கு வெவ்வேறு சொற்கள் உள. 1842 ஆம் ஆண்டிலேயே மானிப்பாயில் அகராதி அச்சிட்ட நாடு நம் யாழ்ப்பாணம். மாணவர் அகராதியை விரிக்கும்போது முதற்பொருளோடு நின்றுவிடாது, கடைசிப் பொருள் வரை படிப்பாராக.