'புத்தி மாறிப்போச்சு': மறதி, பராமரிப்பு, பழி – சில குறிப்புகள்

தேவாரத்தில் எங்கள் தெருக் கிழவி ஒருத்தி விடியக்காலம் நாலு மணிக்கே தூக்குவாளியோடு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். தோட்டத்துக்குப் போகிற பெண்களை நிறுத்தி, 'ஜீப்பு வந்துருச்சா தாயி?' என்று கேட்கிறாள். அவள் ஏலத்தோட்ட வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆயிற்று. 'புத்தி மாறிப்போச்சு' என்கிறது தெரு. அதோடு விடுவதில்லை. 'மருமக ஒழுங்காப் பாத்தா கெழவி ஏன் இப்படித் திரியுது?' என்றும் சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் காசியில் ஆய்வு செய்து 1998இல் வெளியிட்ட நூல் இதைத்தான் பேசுகிறது. முதியவரின் மனம் கலைவதை இங்கே மூளையின் சிதைவாக அல்ல, 'கெட்டுப்போன குடும்பத்தின்' அடையாளமாக வாசிக்கிறார்கள் என்கிறார் அவர். கூட்டுக்குடும்பம் குறித்த நம் பெருமிதச் சொல்லாடலின் மறுபக்கம் இது. நோய்க்குப் பெயரில்லை, குற்றவாளிக்கு மட்டும் பெயர் உண்டு, அவள் பெரும்பாலும் மருமகள்.

ஆனால் நோய் இருக்கிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம்.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் கண்ணில் படவில்லை? 1998இல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வாழ்வது ஏழை நாடுகளில். அவர்களைப் பற்றி நடக்கும் ஆய்வோ 10 சதவீதத்துக்கும் குறைவு. பெயரே ஒரு குற்றச்சாட்டு. இக்குழு 2008இல் வெளியிட்ட முடிவுகளில் நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அடக்கம். அமெரிக்க மனநோய்க் கையேட்டின் அளவுகோலை வைத்தபோது, அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நோயாளிகள் வெறும் 0.3 சதவீதம். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களையும் கணக்கில்கொண்டு குழு வகுத்த முறையில், ஆராய்ந்த எந்த ஊரிலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. கையேடு, அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டதற்குச் சாட்சி கேட்கிறது. வீட்டு மனிதர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும். கிழவியிடம் எந்த வேலையும் எதிர்பார்க்காத வீட்டில், 'அது கெடக்கு, வயசாயிருச்சு' என்பார்கள். இழப்பு பதிவாவதே இல்லை. மேற்கின் அளவுகோலும் நம் வீட்டு அலட்சியமும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்திருக்கின்றன.

குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. (எல்லா மறதியும் இதுவல்ல, தைராய்டு, பி12 குறைபாடு போன்றவற்றால் வருவதைச் சரிசெய்ய முடியும். முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும்.) மருந்து இல்லாவிட்டால் கைவிரிக்க வேண்டியதுதானா? கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வு வேறு பதில் தருகிறது. டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாதம், குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போனார்கள். இது என்ன நோய், ராத்திரி எழுந்து நடந்தால் என்ன செய்வது, அரசு உதவி என்ன கிடைக்கும் என்று பேசினார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் தெளிவாகக் குறைந்தது. நோயாளியின் மறதி மாறவில்லை; பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் மூச்சு விட்டார்.

இதிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஆலோசனை வந்தாலும் பார்த்துக்கொள்வது அதே பெண்தான். ஜீப் ஏறாத நாளின் கூலியை அவளுக்கு யார் தருவது? குடும்பத்தைப் புகழ்ந்தே அரசு நழுவிக்கொள்ள இடம் தரக்கூடாது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் அதற்கான ஊதியத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பிராட்ஃபோர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் 1997இல் எழுதினார்: சிதைவது மூளை மட்டுமல்ல. ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, ஆள் இல்லாததுபோல் தலைக்கு மேலே பேசுவது என்று சுற்றியிருப்பவர்களும் அந்த மனிதரைச் சிதைக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான், நானும் அந்தக் கிழவியிடம் 'ஜீப்பெல்லாம் போயிருச்சு ஆத்தா, போய்ப் படு' என்று பலமுறை விரட்டியது உறைத்தது.

போன மாதம் மருமகளிடம் பேசினேன். மறுநாள் அவர் ஒரு சொளகில் கொஞ்சம் ஏலக்காயைப் போட்டுக் கிழவி மடியில் வைத்தார். ஜீப் கேட்டவள் பேச்சை நிறுத்தினாள். பெருசு, சிறுசு, வெடிச்சது என்று விரல்கள் பிரிக்க ஆரம்பித்தன. ஒரு தப்பு இல்லை. 'காய் நல்லாருக்கு. எந்தத் தோட்டத்துது?' என்றாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். அன்று அடுப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் எரிந்தது.