தக்காளி நாற்றும் கழுவாத கோகோபீட்டும்

குழித்தட்டில் விதைத்த தக்காளி 25 நாளில் இடம் மாறத் தயாராகிவிடும். நான்கைந்து இலைகள் விட்டிருக்கும். அடித்துளையில் வெள்ளை வேர் தலைகாட்டும். அதற்குமேல் தட்டிலேயே விட்டுவைத்தால் வேர் குழிக்குள் சுற்றிச் சுற்றி இறுகிவிடும்.

நேராகப் பெரிய பையில் நட்டாலும் பிழைக்கும் என்பவர்கள் உண்டு. பிழைக்கும்தான். ஆனால் சின்ன வேர் ஒரு கைப்பிடி மண்ணின் ஈரத்தையே குடிக்கும். மீதி மண் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடந்து அழுகலுக்கு இடம் கொடுக்கும். நாலு அங்குலத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து மாற்றுவதே நல்லது.

மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நாற்றுக்குத் தண்ணீர் விட்டால் வேர்க்கட்டி உதிராமல் வரும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது; அடியிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். தக்காளித் தண்டு மண்ணில் புதையும் இடமெல்லாம் வேர் விடும். அதனால் விதையிலைகளைக் கிள்ளிவிட்டு, அடுத்த இலைக்குக் கீழ் வரை புதைக்கலாம். ஒட்டுக்கட்டிய நாற்றுக்கு மட்டும் இது ஆகாது. ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும்.

இவ்வளவு பக்குவமும் வீணாவது பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவான கோகோபீட்டில்தான். எடை குறைவு என்பதால் மாடித்தோட்டத்தில் பாதிக் கலவை அதுவாகவே இருக்கிறது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் குளோரைடும் உண்டு. உப்பங்கழியில் ஊறிய மட்டையானால் சோடியமும் ஏறியிருக்கும். கழுவாத கட்டியை ஊறவைத்து அப்படியே நிரப்பினால், புதிதாக நீளும் வேர்நுனி உப்பில் கருகும். இலை ஓரம் காய்வதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மூன்று நான்கு முறை அலசிப் பிழிய வேண்டும். பழுப்புச் சாயம் போனதும் உப்பும் போய்விட்டது என்று நம்பக் கூடாது. சாயம் வேறு, உப்பு வேறு. குடிநீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரைப் பிழிந்த நீரில் வைத்தால் தெரிந்துவிடும். அலசிய நீரின் அளவை ஒட்டி அது இறங்கியிருக்க வேண்டும். ஆழ்குழாய் நீரே உப்பாக இருக்கும் தெருக்களில் எத்தனை முறை அலசினாலும் பயன் குறைவு, மழைநீர் வேண்டும்.

அலசிய பின்னும் ஒரு வேலை மிச்சம். கோகோபீட் கால்சியத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அலசினால் அந்தப் பசி அடங்கும். இல்லாவிட்டால் அந்தக் குறை பிஞ்சுக் காலத்தில் காயின் அடி கறுத்து அழுகுவதாகத் தெரியவரலாம். மக்காத நார்க்கழிவு செடிக்கான தழைச்சத்தையும் தின்றுவிடும். மண்ணும் மண்புழு உரமும் சேர்த்தே நிரப்ப வேண்டும்.

மாலையில் நட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். துளையில் மறுபடி வேர் தெரிந்ததும் 12 அங்குலப் பைக்கு மாற்றலாம். தாங்குகுச்சியை அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் பரவிய வேர் அறுபடும்.