குழந்தையின்மை: ரிப்போர்ட் நார்மல் என்றாலும் காரணம் ஆணிடம் இருக்கலாம்



அண்மையில் ஒரு குழுக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் மூன்றாவது முறையாக "மருத்துவச் செலவு" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், கல்யாணமாகி ஏழு வருஷம். ஸ்கேன், கர்ப்பப்பைக் குழாய் சோதனை, மாத்திரை, ஊசி எல்லாம் இவருக்குத்தான். "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?" என்று ஊக்குநர் கேட்டார். "அவருக்கு எதுக்குக்கா? அவரு நல்லாத்தானே இருக்காரு" என்றார். கூட்டத்தில் யாருக்கும் அந்தப் பதில் விசித்திரமாகப் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. தனியாகவும் இருக்கலாம், பெண்ணின் குறையோடு சேர்ந்தும் இருக்கலாம். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத, நன்றாக உழைக்கிற ஆணுக்கும் இது வரும். வெளியே தெரியாது.

முதல் சோதனை விந்துப் பரிசோதனை. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வலி இல்லை, செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் வரம்பாகச் சொல்லியிருப்பது ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு. அசைகிறவை நூற்றுக்கு 42. இதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை.

இனி பலருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருவோம். எண்ணிக்கை சரி, அசைவும் சரி, ரிப்போர்ட்டில் "நார்மல்". அப்படியும் கரு தங்குவதில்லை. உடனே பழி பெண் மேல் விழுகிறது. ஆனால் காரணம் விந்தணுவின் வாலில் இருக்கலாம்.

வயலுக்குத் தண்ணீர் விட மடை இருப்பது போல, விந்தணுவின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத மடைகள் உண்டு. உப்புச் சத்துகள் அயனிகளாக உள்ளே வந்து போகும் வழி அது. அதில் முக்கியமானது கால்சியம் வருகிற மடை. அதற்குக் 'கேட்ஸ்பர்' என்று பெயர். முட்டையைச் சுற்றியுள்ள செல்களிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு வருகிறது. அது பட்டதும் இந்த மடை திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுவரை நிதானமாக ஆடிய வால், அப்போது சாட்டை போலச் சுழற்றி அடிக்கிறது. அந்த வேகம் இருந்தால்தான் முட்டையின் கெட்டியான மேலுறையைத் துளைக்க முடியும். மடை இல்லாத விந்தணு சாதாரணமாக நீந்தும், ஆனால் வாசல் வரை போயும் உள்ளே நுழைய மாட்டாது. மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்க்கும் சோதனையில் இது பிடிபடாமல் போகலாம்.

2001இல் அமெரிக்காவில் இந்த மடைக்கான மரபணுவை எடுத்துவிட்ட ஆண் எலிகளுக்குக் குட்டியே பிறக்கவில்லை. பெண் எலிகளுக்கு வழக்கம் போல் பிறந்தது. 2009இல் ஈரானில், உறவுக்குள் திருமணம் செய்த இரண்டு குடும்பங்களில் ஆண்களின் குழந்தையின்மைக்கு இதே வகை மரபணுப் பழுது காரணம் என்று கண்டார்கள்.

இந்தப் பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் மகனுக்குப் பாதிப்பு. இருவரும் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு மகனுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. மகளுக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்தாலும் தாயாக முடியும், ஏனென்றால் இந்த மடை விந்தணுவில்தான் வேலை செய்கிறது. நம் ஊரில் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டுவது சகஜம். இங்கே பார்க்க வேண்டியது உங்கள் கல்யாணத்தை அல்ல, கணவரின் அப்பா அம்மா சொந்தமா என்பதை. (மாமியார் கோபித்துக் கொள்ள வேண்டாம், யார் மேலும் குற்றமில்லை. சொந்தமில்லாத குடும்பத்திலும் இது வரும்.)

இன்னொன்று. இந்த மரபணுக்களில் ஒன்றின் பக்கத்திலேயே காது கேட்பதற்கான மரபணு ஒன்றும் இருக்கிறது. சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே விடுபட்டுப் போகின்றன. அப்போது ஆணுக்குக் காது மந்தமும் குழந்தையின்மையும் சேர்ந்து வரும், அவருடைய அக்கா தங்கைக்குக் காது மந்தம் மட்டும் வரும். வீட்டில் இப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த மடைக் குறையை மாத்திரை, லேகியம் சரி செய்யாது. விந்தை ஊசி மூலம் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையும் பலன் தராது, ஏனென்றால் முட்டையை விந்தணு தானாகத்தான் துளைக்க வேண்டியிருக்கும். சாதாரண சோதனைக் குழாய் முறைக்கும் இதே கதிதான். ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேராகச் செலுத்தும் 'இக்சி' முறையில்தான் வழி இருக்கிறது. 1992 முதல் அதில் குழந்தைகள் பிறந்து வருகிறார்கள். ஆனால் தனியாரில் அது லட்சக் கணக்கில் செலவாகும் விஷயம். இந்த மரபணுச் சோதனை எல்லா ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. குழந்தை இல்லாத எல்லோருக்கும் இந்தக் குறை என்றும் நினைக்க வேண்டாம், இது அரிதானது. எனவே முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்து போய், இருவருக்கும் சோதனை எடுத்துவிட்டு, பிறகு பெரிய செலவைப் பற்றி யோசிக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

அந்த உறுப்பினருக்கு அன்றைக்குக் குழு கடன் கொடுத்தது. கடன் தொகையைக் குறைத்துக் கேட்டார். இந்தத் தடவை அவரையும் கூட்டிக்கிட்டுப் போறேன், முதல்ல அவருக்கு அந்தச் சின்ன டெஸ்ட் எடுத்துடலாம் என்று சொல்லியிருக்கிறார்.