அடுப்படியில் அந்நியர்

‘சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்குத்தான் மாத்திரை வந்துவிட்டதே, பிறகு ஏன் என் மச்சானுக்கு ஸ்டெம் செல் மாற்று என்கிறார்கள்? முகம் பளபளக்கப் போடுகிறார்களே, அந்த ஊசியா?’ என்று பினாங்கு ஜார்ஜ் டவுன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த ஊசி இல்லை. பெயர்ப் பொருத்தம் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

மாத்திரை விஷயம் உண்மைதான். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு உருவாக்கும் ‘பிசிஆர்-ஏபிஎல்’ என்ற நொதி, அணைக்கவே முடியாத விசையாக ரத்த அணுக்களைப் பெருக்குகிறது. இமாட்டினிப் மாத்திரை அந்த நொதியின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலோர் அதைக்கொண்டே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள். சிலருக்கு அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறிவிடுகிறது. T315I என்ற ஒற்றை மாற்றம் போதும், இமாட்டினிப் மட்டுமல்ல, அதன் தம்பிகள் பலவும் உள்ளே நுழைய முடியாது. பொனாட்டினிப் போன்ற ஓரிரண்டுதான் தாக்குப்பிடிக்கும். இன்னும் சிலருக்கு நோய் முற்றி, முதிராத அணுக்கள் ரத்தத்தை நிறைக்கும் ‘பிளாஸ்ட்’ கட்டத்துக்குத் தாவிவிடும். அப்போது மருந்தால் நோயைச் சற்றுப் பின்வாங்க வைத்து, அந்த இடைவெளியில் மாற்றுச் சிகிச்சை செய்துவிடப் பார்க்கிறார்கள். உச்சக் கொதிப்பிலேயே செய்தால் பலன் வெகுவாகக் குறையும்.

வரலாறு வேண்டுவோருக்காக: 1950-களில் டொனால் தாமஸ் அமெரிக்காவில் தொடங்கிவைத்த எலும்பு மஜ்ஜை மாற்று (ஸ்டெம் செல் மாற்றின் பழைய பெயர்), 1990-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும், கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-லும் தொடங்கியது. இமாட்டினிப் 2001-ல் வந்தது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006-ல் தள்ளியதை இந்திய உச்ச நீதிமன்றம் 2013-ல் உறுதிசெய்தது. மலிவு மாத்திரைகளுக்கு அதனால் தடை வரவில்லை.

சுவாரசியம் இனிமேல்தான். மாற்று என்றதும் கத்தி, தையல் என்று மிரள வேண்டாம். ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை சொட்டுச் சொட்டாக இறங்கும், அவ்வளவே. அதிலுள்ள, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் தாமாகவே மஜ்ஜையைத் தேடிப்போய்க் குடியேறும். மாதங்கள் போனால் நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாகிவிடும். அக்கா கொடுத்திருந்தால், தம்பியின் ரத்த அணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும். ஆனால் நோயைத் தீர்ப்பதில் பெரும்பங்கு ஸ்டெம் செல்லுக்கு இல்லை, கூட்டத்தோடு கூட்டமாக வரும் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களுக்கு.

பினாங்குக்காரருக்கு நாசி கண்டார் சோற்றுக் கடையை வைத்துச் சொல்லலாம். மஜ்ஜைதான் கடையின் அடுப்படி. அங்கே ஒரு சமையல்காரர் மதிகலங்கி, ஒரே குழம்பை அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டிருக்கிறார். கடும் மருந்து கொடுத்து அடுப்படி ஆட்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டு, கடையநல்லூரிலிருந்து புது மாஸ்டரை வரவழைக்கிறார்கள். அப்போதும் பழைய ஆள் ஒருவர் அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருப்பார். கடையின் சொந்த ஆட்கள் அவரைக் கண்டும் காணாமல் விட்டவர்கள், கூடவே வளர்ந்தவராயிற்றே. மாஸ்டரோடு வந்த எடுபிடிகளுக்கு, அதாவது டி செல்களுக்கு, அந்தத் தாட்சண்யம் கிடையாது. காலைப் பிடித்து இழுத்து வெளியே போடுவார்கள். வம்பு என்னவென்றால், கல்லாவில் இருக்கும் முதலாளியும் அவர்களுக்குப் புதுமுகம்தான். அங்கேயும் கைவைப்பார்கள்: தோலில் தடிப்பு, குடலில் பேதி, கல்லீரலில் காமாலை. சைக்ளோஸ்போரின் கொடுத்து அவர்களை அடக்கிவைக்க வேண்டும்; அளவு கூடினால் மூட்டைக்குப் பின்னால் இருப்பவர் தலைதூக்குவார். இதற்கு மேல் கிளறினால் உவமை அடிப்பிடித்துவிடும்.

இது வெறும் கதையல்ல. 2,254 நோயாளிகளை அலசிய ஆய்வு ஒன்று 1990-ல் வெளிவந்தது. வம்பே வேண்டாமென்று டி செல்களை வடிகட்டிக் கொடுத்தபோது, சி.எம்.எல். திரும்பி வருவது கூடியிருந்தது. அச்சு அசலான இரட்டையரிடமிருந்து பெற்றவர்களுக்கும் அப்படியே. ஒரே அச்சில் பிறந்த உறவு இங்கே உதவாது, கொஞ்சம் அந்நியம் வேண்டும். அதே ஆண்டு மியூனிக்கில் ஹான்ஸ் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பின் நோய் திரும்பிய மூவருக்குக் கொடையாளரின் வெள்ளணுக்களை இன்டர்பெரான் மருந்தோடு ஏற்றினார்கள். நோய் மறைந்தது. இன்று உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கோடி டி செல் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. வாரங்கள், சில சமயம் மாதங்கள் காத்திருக்க வேண்டும். பிளாஸ்ட் கட்டத்தில் திரும்பினால் இந்த வித்தை பெரும்பாலும் பலிப்பதில்லை.

பிரசவ நேரத்தில் ‘குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல் நாளைக்கு அதற்கே மருந்தாகும்’ என்று தவணைத் திட்டத்தோடு வருகிறவர்களிடம் அந்த இரட்டையர் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். இந்த நோய்க்குச் சொந்தச் செல்லுக்கு அந்தச் சண்டைக்குணம் ஏது?

சரி, மச்சானுக்கு யார் கொடுப்பது? உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம். அடுத்தது பதிவேடு. மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ 7 சதவீதமே. திசுப் பொருத்தமோ பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள்தான் அமையும். ஆகவே 2009-ல் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற பதிவேடுகளிலும் தேடுவது வீணல்ல. அதுவும் இல்லையென்றால் பாதி பொருந்தும் மகனோ மகளோ கொடுக்கலாம். எடுபிடிகளின் வம்பை அடக்க, ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால், அதற்குள் ஆவேசப்பட்டுப் பெருகத் தொடங்கிய டி செல்கள்தாம் பெரும்பாலும் அடிபடும். ஸ்டெம் செல்கள் தப்பிவிடும்.